குன்னூர் குடோனில் கிடைத்த பழைய ஸ்டாக்

மூடிப்போன குடோனில் பழைய கார்களுக்கான, சீல் பிரிக்காத ஸ்பேர் கிடைத்ததென்று இங்கே பலரும் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். மலையில் அப்படி ஒரு சரக்கு அமைந்தால் எதை நம்பி எடுக்கலாம் என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எஸ்டேட் வண்டிகளுக்கு ஸ்பேர் கொடுத்துவந்த ஒரு கடை குன்னூரில் மூடி ரொம்ப வருஷமாகிறது. அதன் தகரக்கூரை குடோனைக் காலி பண்ணப் போகிறார்கள் என்று என் மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் போனேன். அதற்குள் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் விலை பேசிவிட்டார். நல்லவேளை, அந்தக் கடையில் ஸ்டோர் பார்த்த பெரியவரையும் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள்.

"டப்பாவைப் பார்த்து வாங்காதீங்க தம்பி. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாருங்க" என்றார். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, மீதி மாசத்துக்கு மூடுபனி. அட்டைப்பெட்டி அத்தனை ஈரத்தையும் குடித்து வைத்திருக்கிறது. புத்தம்புதுசாகத் தெரிந்த பேரிங் டப்பாக்களைப் பிரித்தால் உள்ளே செந்துரு. குண்டு உருளும் பாதையில் குழி விழுந்த பேரிங்கை எந்த எண்ணெய் போட்டும் மீட்க முடியாது.

ஆனால் அம்பாசிடரின் பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் இருந்த மரப்பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெழுகுத்தாளுக்குள் கெட்டியான மஞ்சள் கிரீஸ். விரலால் வழித்தால் பல் ஒவ்வொன்றும் பளபளக்கிறது. கடை நடந்தவரை மழைக்காலத்துக்கு முன்னால் கிரீஸ் மாற்றிச் சுற்றி வைத்தவர் இந்தப் பெரியவர்தான். எடுத்த கையோடு வெளிச்சத்தில் காட்டி, கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருந்த ஜோடி நம்பர் ஒன்றா என்று பார்த்தார். சேர்த்துத் தேய்த்துப் பொருத்திய ஜோடி அது. நம்பர் மாறினால் இரண்டுமே புதுசாக இருந்தாலும் ஊளையிடும், சீக்கிரம் பல் போகும்.

ரப்பர் எதையும் வண்டியில் போட எடுக்காதீர்கள். பிரேக்கின் வீல் சிலிண்டருக்கான ரப்பர் கிட், பிரேக் ஹோஸ், ஆயில் சீல், பெட்ரோல் பம்ப் டயாப்ரம் எல்லாம் அலமாரியில் இருந்தபடியே காற்றுப்பட்டு இறுகிப்போகும். கோத்தகிரி ரோட்டில் இறங்கும்போது பிரேக் பெடல் தரைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். வீல் சிலிண்டர் பாடியின் உள்சுவர் சுத்தமாக இருந்தால் அதை மட்டும் வாங்கி, ரப்பர் புதுசு போடுங்கள். டெல்கோவில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) போடும் கண்டென்சரும் அப்படித்தான். பழசில் உள்ளே காப்புத்தாள் ஈரம் வாங்கியிருக்கும். டெஸ்ட் பண்ணாமல் மாட்டினால் நடுவழியில் நிறுத்திவிடும். அதே டெல்கோவில் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் செட் பரவாயில்லை, முனையை மெல்லிய எமரியால் தேய்த்தால் போதும். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஏர் பிடித்து ஊதவே ஊதாதீர்கள்.

மலைக்குக் கீழே சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகுதான் ஜெட். அதில் இருக்கும் நம்பர், துளையின் அளவு: 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க மலை வண்டிக்குச் சின்ன ஜெட் போடுவார்கள். அந்த குடோனில் இருந்ததும் பெரும்பாலும் அதுதான். நம்பர் பார்க்காமல் கோயம்புத்தூரில் மாட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகும்.

விலை விஷயத்தில் என் கட்சி இது: இரும்பு விலைக்கு அடித்துப் பேசக்கூடாது. அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே போயிற்று. இருக்கிற சரக்குதான் மிச்சம். நாங்கள் சிலர் சேர்ந்து இரும்புக்காரரைவிட நல்ல விலை கொடுத்தோம், பிரித்துக் கொடுத்த பெரியவருக்குத் தனியாகக் கூலியும் கொடுத்தோம். மொத்தமாக அள்ளிப்போய் இரட்டை விலைக்கு விற்க வந்தவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஓட்டுகிறவர் கையில்தான் அது போகவேண்டும்.

ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவதற்கான மரை மூட்டு, அதாவது ட்ரன்னியன், கொஞ்சம் மீதி இருக்கிறது. இடது, வலது மரை வேறு வேறு. எந்தப் பக்கம் வேண்டுமென்று பார்த்துக்கொண்டு வாருங்கள். மாட்டிய பிறகு கிரீஸ் அடிக்காமல் கியர் ஆயில் விடுங்கள். வெளியூர் வண்டியென்றால் நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாரநாளில் வாருங்கள், சனி ஞாயிறு மேட்டுப்பாளையம் பாதையில் பர்லியார் தாண்டுவதே பெரும்பாடு.