நள்ளிரவில் அலறும் அம்பர் எச்சரிக்கை: கனடாவில் இதனை நிறுத்தி வைக்க வழி உண்டா?

ஸ்காபரோவாசி:
வணக்கம். அண்மையில் ஓர் இரவு, மணி பன்னிரண்டை நெருங்கும் வேளையில், எங்கள் வீட்டிலிருந்த ஐந்து கைத்தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. கடத்தப்பட்ட பிள்ளை ஒன்றைப் பற்றிய அம்பர் எச்சரிக்கை அது என்று நான் வாசித்து அறிவதற்குள், யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக் காலத்தைக் கடந்து வந்த என் தகப்பனார் எழுந்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். எண்பது வயதானவரைத் திரும்பவும் உறங்க வைக்க விடியற்காலை ஆயிற்று. மிச்சிகனில் இருக்கும் என் மைத்துனர் தமது தொலைபேசியில் இவ்வெச்சரிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார். இங்கோ எவ்வளவு தேடியும் அப்படியொரு வசதி தென்படவில்லை. பிள்ளை காணாமற்போனது 400 கிலோமீற்றர் தள்ளி. அவ்வளவு தொலைவில் உறங்குவோரை எழுப்புவதால் என்ன பயன்? எங்கள் எண்கள் அரசின் கைக்கு எப்படிப் போயின என்பது தகப்பனாரின் தனிக் கேள்வி.

மதிவாணன்:
முதலில் ஐயாவின் ஐயத்தைத் தீர்த்துவிடலாம். இது குறுஞ்செய்தி அன்று. தொலைபேசிக் கோபுரம் வானொலி நிலையம்போல் செய்தியை ஒலிபரப்புகிறது; அதன் எல்லைக்குள் இருக்கும் கருவிகள் அதனைக் கேட்கின்றன. யாருடைய எண்ணும் தேவையில்லை. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் கோபுரத்துக்குத் தெரியாது. கைத்தொலைபேசிகளுக்கு இவ்வாறு அனுப்பும் முறை கனடாவில் 2018 ஏப்ரலில் தொடங்கியது. சூறாவளிக்கும் கடத்தலுக்கும் ஒரே ஒலிதான்; அமெரிக்காவில் உள்ளதுபோல் அம்பர் எச்சரிக்கையைத் தனியே நிறுத்த இங்கே இடமில்லை. தொலைபேசியையே அணைத்துவிட்டால் சத்தம் வராது.

தொலைவு பற்றிய கேள்விக்கு: 400 கிலோமீற்றர் என்பது நெடுஞ்சாலையில் நான்கு மணி நேர ஓட்டம். 2019 பெப்ரவரியில் பிராம்டன் சிறுமி ஒருத்திக்காக எச்சரிக்கை வந்தபோது, தூக்கம் கெட்டதென்று 911 என்ற அவசர உதவி இலக்கத்தையே அழைத்து முறையிட்டவர்கள் இருந்தார்கள். அதே எச்சரிக்கையைப் பார்த்த ஒருவர் கொடுத்த தகவலால்தான், நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் ஒரிலியாப் பகுதியில் சந்தேக நபர் பிடிபட்டார்.

பொருநை:
அந்தச் சிறுமி உயிரோடு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், மதிவாணன். நெவாடா பல்கலைக்கழகக் குற்றவியல் ஆய்வாளர் டிமதி கிரிஃபின் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுதான்: மீட்கப்பட்டதாகக் கணக்கில் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பெற்றோரிடையேயான பிணக்கில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள், அவர்களுடைய உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்து இருந்திராது, உண்மையான ஆபத்தில் சிக்கியவர்களுக்கோ எச்சரிக்கை பிந்திவிடுகிறது. இதனைக் குற்றத் தடுப்பு நாடகம் என்றே அவரும் அவருடைய சக ஆய்வாளரும் அழைத்தார்கள். கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் முதல் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள் என்று வாஷிங்டன் மாநில ஆய்வு ஒன்று காட்டியது. புகார், விசாரணை, ஒப்புதல் என்று கடந்து வரும் செய்தி அதனை எப்படி முந்தும்?

வடலி:
பொருநை எடுத்துக்காட்டும் ஆய்வை மறுக்கமாட்டேன். ஆனால் பெற்றோர் பிணக்கு என்றாலே ஆபத்தில்லை என்று கொள்ள முடியாது; பிராம்டனில் குற்றம் சாட்டப்பட்டவர் தந்தைதான். தவிர, இந்த எச்சரிக்கை முறை எந்தக் குறையை நிரப்ப வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1996 ஜனவரி 13 அன்று, ரெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில், சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அம்பர் என்னும் ஒன்பது வயதுச் சிறுமியை ஒருவன் தூக்கிச் சென்றான். தன் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்த அயலவர் உடனே பொலிசாரை அழைத்துக் கறுப்பு நிறப் பிக்கப் வாகனம் என்று அடையாளமும் சொன்னார். தகவல் இருந்தது; ஊரெல்லாம் அதனைச் சொல்ல வழி இருக்கவில்லை. நான்கு நாட்களின் பின் ஓர் ஓடையில் உடல் கிடைத்தது. கொலையாளி இன்றுவரை பிடிபடவில்லை. புயலுக்கு வானொலியில் எச்சரிக்கிறீர்களே, பிள்ளைக்கு ஏன் கூடாது என்று டல்லாஸ் பகுதிப் பெண்ணொருவர் ஒரு வானொலி நிலையத்தைக் கேட்டதிலிருந்து பிறந்தது இது. காணாமற்போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதனை விடுவதில்லை. கடத்தல்தான் என்று பொலிசார் நம்ப வேண்டும், பிள்ளை ஆபத்தில் இருக்க வேண்டும், தேடுவதற்கு அடையாளமும் இருக்க வேண்டும். இந்தச் சல்லடையால் சற்றுப் பிந்துவது உண்மைதான். அதைத் தளர்த்தினால் புலி வருது கதையாகிவிடும்.

ஆரணிக்காரன்:
அந்தச் சல்லடை இல்லாத எச்சரிக்கை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டில் எங்கள் திருவண்ணாமலை மாவட்டம் பார்த்தது. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றின. மே மாதம், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் செல்ல வந்த சென்னைக் குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அதற்காக அவர்களை ஊரே கூடித் தாக்கியதில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இறந்துபோனார். அவ்வாண்டு ஜூலையில்தான் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. அனுப்பியவர் யார், வாகன எண் என்ன, எந்த நேரத்தில் நடந்தது என்று எதுவுமே அந்தப் பதிவுகளில் இல்லை. பொருநை கேட்கும் வேகம் அவற்றுக்கு இருந்தது.

ஸ்காபரோவாசி:
அனைவருக்கும் நன்றி. தகப்பனாரின் தொலைபேசியை இனி இரவில் அணைத்து வைக்கிறேன், என்னுடையது விழித்திருக்கும். கோபுரத்தை வானொலியோடு ஒப்பிட்டுச் சொன்னதும் அவருடைய ஐயம் நீங்கியது. அடுத்த முறை கார் இலக்கத்தைத் தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பகல் முழுவதும் யன்னலோரம் இருப்பவர் தாம்தானே என்கிறார்.