மெடிக்கல் போர்டு ‘நானா’ என்று எழுதியதைத் தீர்ப்பாயம் மாற்றுவது சரியா?

வெலிங்டன்வாசி:
பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு ‘நானா’ என்று எழுதினால், அதாவது நோய் பணியால் வரவுமில்லை, பணியால் முற்றவுமில்லை என்றால், டிசெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடையாது. ஆளைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர்கள் சொன்னதை, ஆளைப் பரிசோதிக்காத ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தள்ளிவைப்பது முறையல்ல என்பது என் கட்சி. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஸ்கிசோஃப்ரினியா போன்ற நோயை ஆள்சேர்ப்புப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. சேரும்போது குறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து, பணிதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

சிக்னல்ஸ்_28:
அதே நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் பென்ஷன் கொடுத்ததே, அதையும் சேர்த்துப் படியுங்கள் சார். அங்கே நோய் வலிப்பு. சேரும்போது குறிப்பு இல்லை. போர்டும் காரணம் எழுதவில்லை. தீர்ப்பாயம் மருத்துவம் பார்ப்பதில்லை. நோயின் பெயரையோ ஊனச் சதவீதத்தையோ அது பொதுவாகத் தொடுவதும் இல்லை. ‘பணிக்குச் சம்பந்தமில்லை’ என்ற முடிவுக்குப் போர்டு எப்படி வந்தது என்று மட்டுமே கேட்கிறது. பெரும்பாலான அறிக்கைகளில் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி: ‘உடல்வாகு சார்ந்த நோய், பணியுடன் தொடர்பில்லை’. முடிவையே திரும்பச் சொன்னால் அது காரணம் ஆகிவிடுமா?

கணக்குப்பிள்ளை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிஸ்சார்ஜ் தேதி என்ன? 2008-க்கு முன் வெளியே வந்தவருக்கு இந்தப் பென்ஷனுக்கான 1982 தகுதி விதிகள். அதில் 9-ஆம் விதி சந்தேகத்தின் பலனை மனுதாரருக்குத் தருகிறது. 14(பி) சேரும்போது குறிக்கப்படாத நோயைப் பணியில் வந்ததாகவே பொதுவாகக் கருதச் சொல்கிறது. அடுத்து வந்த 2008 விதிகளில் அந்த அனுமானம் அதே வடிவில் இல்லை. 21.09.2023 முதல் மூன்றாவது விதித்தொகுப்பு; அதில் பணிக்காலம் முடித்துப் போகிறவருக்கான தொகைக்குப் பெயரே ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று மாறிவிட்டது. 2012-இல் ஓய்வு பெற்றவரின் மனுவில் 14(பி)-யை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

வெலிங்டன்வாசி:
சரி, 2008 விதிகளையே எடுத்துக்கொள்வோம். அமைதிப் பகுதியில், அதாவது ஃபீல்டு ஏரியா எனப்படும் களப்பகுதிக்கு வெளியே, இருந்தவருக்கு 48 வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை. வெளியே இருப்பவருக்கும் வருகிற நோய்தானே? இதற்கும் பென்ஷன் என்றால், குண்டடிபட்டவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

சிக்னல்ஸ்_28:
வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. போர்க்காயம் தனி வகை, அதன் விகிதமும் வேறு. அதோடு இதைக் கலக்கவேண்டாம். ரத்த அழுத்தம் ஃபீல்டு ஏரியா, உயர்மலை, தீவிரவாத எதிர்ப்புப் பணி, நீண்ட கடற்பணி ஆகியவற்றால் முற்றலாம் என்று ராணுவ மருத்துவ வழிகாட்டியே ஒப்புக்கொள்கிறது. இதய நோய் என்றால் அதற்கு முந்தைய 14 நாள் பணிப் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறது. அமைதிப் பகுதி வாதத்தையும் டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் சர்க்கரை நோய் வழக்கில் பார்த்துவிட்டது. நோய் அமைதிப் பகுதியில் தெரியவந்தது என்பது மட்டும் போதாது, வேறு எது காரணம் என்று போர்டு எழுதவேண்டும் என்றது. 2008 விதிகளின் கீழும் அந்தக் கடமை நிற்கிறது.

மனுதாரர் முதலில் பார்க்கவேண்டியது அறிக்கையிலுள்ள பணியிடப் பட்டியலை. ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே அமைதியா, ஃபீல்டா என்று குறித்திருக்கும். நோய் தொடங்கிய தேதியை அதோடு ஒப்பிடுங்கள். ஃபீல்டிலிருந்து இறங்கிய சில மாதங்களில் தொடங்கிய நோயை அமைதிப் பகுதிக் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தென்னங்கீற்று:
ஒருவருக்கு ஊனம் 15% என்று போட்டிருக்கிறார்கள். அதையும் 50% ஆக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப்பிள்ளை:
எப்படி வெளியே வந்தார் என்பதைப் பொறுத்தது. நோயைக் காட்டிப் பாதியில் அனுப்பியிருந்தால், 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு: அனுப்பும் அளவுக்கு நோய் என்றால் 20%-க்கு மேல் என்றே கொள்ளவேண்டும். பணிக்காலம் முடித்து வந்தவருக்கு 20% கட்டாயம். அதற்குக் கீழே ரவுண்டிங் (30%-ஐ 50% ஆக உயர்த்துவது போல) கிடையாது என்று 2019-இல் ரத்தோர் வழக்கில் முடிந்துவிட்டது. 20% அல்லது அதற்கு மேல் உள்ளவருக்கு ரவுண்டிங் உண்டு என்பது 2014 ராம் அவதார் தீர்ப்பு.

தொகை: 100%-க்குக் கடைசிச் சம்பளத்தில் 30%. சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 30% என்றால் மாதம் 3,600. அது 50% ஆக ரவுண்டு ஆனால் 6,000. அறிக்கையில் எல்லா நோய்க்கும் சேர்த்துப் போடும் ‘காம்போசிட்’ கட்டத்தில் 50% என்று பார்த்துவிட்டு மகிழாதீர்கள். பென்ஷனுக்குக் கணக்காகும் ‘நெட்’ கட்டத்தில் பூஜ்யம் இருக்கலாம். எல்லா நோய்க்கும் ‘நானா’ போட்டிருந்தால் அப்படித்தான் வரும்.

வழி இதுதான். அறிக்கை நகல் கையில் இல்லையென்றால் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம். நிராகரிப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இன்னொரு 6 மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு தீர்ப்பாயம், நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னை அமர்வு. இறுதி உத்தரவு வந்தால் அதிலிருந்து 6 மாதம். மேல்முறையீட்டுக்கு 6 மாதம் பதிலே இல்லையென்றாலும் தீர்ப்பாயம் போகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிப்பார்கள், ஆனால் பழைய பாக்கி வழக்கமாக மனுவுக்கு முந்தைய 3 ஆண்டோடு நின்றுவிடும். 2008 விதிகளில் டிஸ்சார்ஜாகி 15 ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பும் மனுதாரர் தலையில்.

வெலிங்டன்வாசி:
காரணம் எழுதாத அறிக்கை குறையுள்ளது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறையுள்ள அறிக்கை என்றால் போர்டுக்கே திருப்பி அனுப்பி, காரணம் எழுதச் சொல்லலாமே. ஏன் நேராகப் பென்ஷன்?

சிக்னல்ஸ்_28:
இன்றைய சதவீதம் என்ன என்று தெரியவேண்டுமானால் மறுபரிசோதனை செய்யும் ரீசர்வே போர்டுக்கு அனுப்புகிறார்கள்தான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 10 ஆண்டுக்கு முன் நோய் ஏன் வந்தது என்பதை இன்றைய போர்டு எதை வைத்துச் சொல்லும்? அதே பழைய காகிதங்களைத்தான் பார்க்கும். காரணம் எழுத வேண்டிய நாளில் எழுதாமல் விட்டது அரசுத் தரப்பு. அந்த விடுபாட்டின் சுமையை ஓய்வுபெற்றவர் மேல் ஏற்றினால், அவர் இன்னொரு முறை வரிசையில் நின்று அதே ஒரு வரியை வாங்கி வருவார்.

வெலிங்டன்வாசி:
புதிதாக ஓய்வு பெறுகிறவர்களுக்காவது இந்த நிலை வேண்டாம். போர்டு தலைவர் நோய்க்கு நோய் தனித்தனியாகக் காரணம் எழுதாத அறிக்கையை மேலே ஒப்புதல் தரும் அதிகாரி திருப்பி அனுப்பவேண்டும். பழைய வழக்குகளில் நீங்கள் சொல்வதற்கு இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.