சூப்பர் ஹீரோ கதைகளை அறிவியல் புனைகதையாகக் கொள்ளலாமா?

கேள்வி: கிரகவாசி

நண்பர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைகதைகளையும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களையும் ஒரே ஈடுபாட்டோடு வாசித்து வருபவன் நான். ஆனால் சிறந்த அறிவியல் புனைகதைகள் எவை என்று பேசுவோர் சூப்பர் ஹீரோக்களை அநேகமாக வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அக்கதைகளில் வரும் அறிவியல் வெறும் ஒப்பனை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை முழுமையாக ஏற்கவும் எனக்கு மனம் வரவில்லை, ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை.

1938இல் வெளிவந்த முதல் சூப்பர்மேன் கதையின் முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பு தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு சுமையைத் தாங்குகிறது, வெட்டுக்கிளி தன் உடலளவோடு ஒப்பிட்டால் மலைக்கத்தக்க தூரம் தாவுகிறது, ஆகையால் முன்னேறிய வேற்றுக்கிரகத்தில் பிறந்த ஒருவனுக்கும் இது இயலும் என்று அங்கே விளக்கம் தரப்பட்டிருக்கிறது. இந்த விளக்கம் நிற்காது. ஓர் உடலை எல்லாத் திசையிலும் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்கு கூடும். தசையின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் கூடும். மனித அளவுக்கு வளர்ந்த எறும்பு எழுந்து நிற்கவே திணறும். பின்னர், 1960 வாக்கில், நமது சூரியனின் மஞ்சள் ஒளியே அவனுக்கு வலிமை தருகிறது என்று மாற்றினார்கள். அது முதல் விளக்கத்தைக் காட்டிலும் இயற்பியலிலிருந்து இன்னும் விலகி நிற்கிறது.

ஸ்பைடர்மேனின் நிலையும் இதுதான். 1962இல் அவனைக் கடித்தது கதிரியக்கம் ஏறிய சிலந்தி. 2002இல் வந்த திரைப்படத்தில் அது மரபணு மாற்றப்பட்ட சிலந்தியாகிவிட்டது. மக்களின் அச்சம் அணுகுண்டிலிருந்து மரபணு ஆய்வுக்கூடத்துக்கு நகர்ந்திருக்கிறது. கதையின் போக்கில் ஒன்றும் மாறவில்லை. விளக்கத்தை இவ்வளவு எளிதாகக் கழற்றி மாட்ட முடியுமானால், கதைக்குள் அதற்கு என்ன வேலை? ஒரு சூப்பர் ஹீரோ கதையை அறிவியல் புனைகதை என்று அழைக்க நீங்கள் எதை அளவுகோலாகக் கொள்வீர்கள்?

மறுமொழி 1: பழைய இதழ்கள்

நல்ல கேள்வி, கிரகவாசி. அளவுகோலுக்குப் போகும் முன் இந்தக் கதைகளை உருவாக்கியவர்கள் யார் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது என்று கருதுகிறேன், ஏனெனில் வாசலில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய பிறகு, வாசகர் கடிதங்களை எழுதியவர்களின் முகவரியோடு அச்சிட்டார். அந்த முகவரிகளைப் பார்த்து இளைஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ரசிகர் வட்டங்கள் அப்படித்தான் திரண்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள்தான் கிளீவ்லேண்டு நகரின் பள்ளி மாணவர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். அவர்கள் ‘சயின்ஸ் ஃபிக்ஷன்’ என்ற பெயரிலேயே ஒரு சிற்றிதழை நகலெடுத்து வெளியிட்டார்கள். 1933 ஜனவரியில் அதில் வந்த ஒரு கதையில்தான் சூப்பர்மேன் என்ற பெயர் முதலில் தோன்றுகிறது. அந்தச் சூப்பர்மேன் பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் பெற்ற ஒரு தீயவன். அவனே ஐந்து ஆண்டுகளில் நாம் அறிந்த நாயகனாக மாறினான். அழியும் கிரகம், விண்கலத்தில் அனுப்பப்படும் குழந்தை என்று அந்த நாயகனின் பிறப்புக் கதையில் அறிவியல் புனைகதை அல்லாத ஒரு கூறும் இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 1932இல் நண்பர்களோடு சேர்ந்து ரசிகர் இதழ் நடத்தியவர். பிறகு அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் முகவராக இருந்தவர். ரே பிராட்பரியின் தொடக்கக் காலக் கதைகளை விற்றுக்கொடுத்தவர். அவர் காமிக்ஸ் பதிப்பாசிரியராக ஆனபின், 1950களின் நடுவில் மங்கிக் கிடந்த நாயகர்களை ஒவ்வொருவராக மறுபடி எழுப்பினார். எழுப்பிய விதத்தைக் கவனியுங்கள். 1940இல் கிரீன் லேன்டர்னின் விளக்கும் மோதிரமும் மாயப் பொருள்கள். 1959இல் வந்த புதியவனின் மோதிரமோ அண்டவெளியின் காவலர் படையைச் சேர்ந்த ஒரு வேற்றுக்கிரகவாசி இறக்கும்போது ஒப்படைத்துச் செல்லும் கருவி. 1961இல் மறுபிறவி எடுத்த ‘ஆட்டம்’ (Atom) என்ற நாயகன், வெண்குறுமீன் எனப்படும் சுருங்கிய விண்மீனிலிருந்து கிடைத்த பொருளைக்கொண்டு தன் உருவைச் சுருக்கிக்கொள்கிறான். அவனுடைய பெயரான ரே பாமர், ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழின் முன்னாள் ஆசிரியருடையது. அதே ஆண்டில் ஃபிளாஷ் கதை ஒன்று, ஒரே இடத்தில் வெவ்வேறு அதிர்வில் இயங்கும் இரண்டு பூமிகளைக் காட்டியது. இன்று திரையரங்குகளில் பல்லண்டம் (மல்டிவர்ஸ்) என்று பேசப்படும் அனைத்துக்கும் அமெரிக்க காமிக்ஸில் அதுவே பெரிய தொடக்கம்.

விளக்கம் பிழை என்பதற்காகத் தள்ளிவிடலாம் என்றால், ஒளியை மிஞ்சும் விண்கலங்களையும் காலப் பயணத்தையும் நம்பியிருக்கும் மதிப்புமிக்க நாவல்கள் பாதிக்கு மேல் வெளியே போக வேண்டிவரும். இந்த வழக்கில் நான் சூப்பர் ஹீரோக்களின் பக்கம்.

மறுமொழி 2: ஊசல்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். விளக்கம் சரியா தவறா என்பதைவிட, ஒரு விதியைத் தளர்த்திய பிறகு மற்ற விதிகளைக் கதை மதிக்கிறதா என்பதையே நான் பார்ப்பேன். இதற்கு 1973இல் வந்த, ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியின் மரணத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

கிரீன் காப்லின் என்ற வில்லன் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசி, அவள் நீரைத் தொடுவதற்குள் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்துப் பார்க்கும்போது அவள் உயிரோடு இல்லை. வலை பற்றிய கணத்தில் அவள் கழுத்தருகே ஒரு சிறிய ஒலிக்குறிப்பு வரையப்பட்டிருக்கிறது. அவளைக் கொன்றது வீழ்ச்சியா, வலையா என்று வாசகர்கள் கேட்டார்கள். சட்டென நின்ற அதிர்ச்சியே காரணம் என்று இதழின் கடிதப் பகுதியில் பின்னர் பதில் வந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். அவள் விழுந்த உயரம் 90 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, காற்றின் தடையை விட்டுவிட்டால், விழும் நேரம் சுமார் 4.3 வினாடி, இறுதி வேகம் வினாடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வலை அவளை அரை வினாடியில் நிறுத்தினால் உடல் தாங்க வேண்டிய விசை அவளுடைய எடையைப் போல ஒன்பது பத்து மடங்கு. பத்தில் ஒரு வினாடியில் நிறுத்தினால் நாற்பது மடங்கைத் தாண்டும். அரை வினாடி கிடைக்க வேண்டுமானால் வலை பத்து மீட்டருக்கு மேல் நீண்டு கொடுக்க வேண்டும். இறுக்கமான வலை காலைப் பற்றி நிறுத்தியது என்றால், தளர்ந்து தொங்கும் கழுத்துக்கு நேர்ந்தது என்ன என்பதை மேலும் விளக்க வேண்டியதில்லை. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கக்காலியோஸ் தம் இயற்பியல் வகுப்பிலும் நூலிலும் இந்த நிகழ்ச்சியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். மேலே உள்ளதும் அவர் சென்ற வழிதான். உந்தமாற்றத்தைக் கற்பிக்கும்போது நானும் இதைக் கரும்பலகையில் எழுதுவதுண்டு.

சிலந்தி கடித்து ஆற்றல் வருவது நடவாத காரியம். அதை நாம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம். அதன்பின் கதாசிரியர் நியூட்டனுக்குக் கட்டுப்பட்டார். அந்த மரணம் இன்றும் வாசகர்களை உலுக்குவதற்கு இந்தக் கட்டுப்பாடுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காப்பாற்றும் செயலே கொல்லும் செயலாக மாறிவிடுவதைத் தற்செயல் என்று தள்ளிவிட வழியே இல்லை. இப்படிப்பட்ட கதையைத் தயங்காமல் அறிவியல் புனைகதை என்பேன்.

மறுமொழி 3: நான்காம் சுவர்

மேலே இருவரும் எழுதியதை மதிப்போடு வாசித்தேன், உடன்பட முடியவில்லை. பிறப்பிடமோ விதிகளுக்குக் கட்டுப்படுவதோ போதாது. ஒரு புதுமை உலகத்துக்குள் வந்துவிட்டால் அந்த உலகம் அதற்குப் பிறகு பழையபடி இருக்கக் கூடாது. அறிவியல் புனைகதையிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். சூப்பர் ஹீரோ கதைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில். ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் ரீட் ரிச்சர்ட்ஸ் 1960கள் முதல் வேறு பரிமாணங்களுக்கு வாயில்களைத் திறந்துகொண்டிருக்கிறார். அவருடைய சன்னலுக்கு வெளியே தெரியும் நியூயார்க்கில் அதே மஞ்சள் டாக்சிகள் அதே பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1962இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். உலகத்தின் பசியையே தீர்க்கக்கூடிய ஆற்றல் பெற்ற சூப்பர்மேன் வங்கிக் கொள்ளையர்களைப் பிடிப்பதோடு ஏன் நின்றுவிடுகிறான் என்பது அவருடைய கட்டுரையின் மையமான கேள்விகளுள் ஒன்று.

தொடக்கத்தில் அவன் அப்படி நின்றுவிடவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. முதல் ஆண்டுக் கதைகளில் ஒன்றில், தொழிலாளரின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாத சுரங்க முதலாளியை அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைக்கிறான். 1939 ஜனவரியில் வந்த கதையில், ஒரு சேரிப்பகுதி முழுவதையும் இடித்துத் தள்ளி, அங்கே நல்ல வீடுகள் கட்டும்படி அரசை நெருக்குகிறான். 1940இல் ‘லுக்’ இதழுக்காக வரைந்த இரண்டு பக்கங்களில் ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டுபோய் ஜெனீவாவில் உலகநாடுகள் சங்கத்தின் முன் நிறுத்துகிறான். சீகலும் ஷஸ்டரும் தங்கள் கற்பனையை அதன் முடிவுவரை கொண்டுசெல்லத் துணிந்திருந்தார்கள். ஆனால் 130 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டவர்களின் சொல்லுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்? மாதந்தோறும் விற்க வேண்டிய சரக்காகவும் பொம்மைகளில் அச்சிடும் முத்திரையாகவும் ஆகிவிட்ட நாயகன், வாசகரின் உலகத்தை மாற்றிவிட்டால் அடுத்த மாதக் கதைக்கு இடமிருக்காது. அவர்கள் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் மீண்டும் கிடைத்தது 1975இல், அதுவும் சீகல் வெளிப்படையாகப் போராடிய பிறகு.

என் அளவுகோலில் தேறும் படைப்பு என்றால் ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986இல் தொடங்கிய ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் தொடர். அதில் உண்மையான ஆற்றல் படைத்தவர் டாக்டர் மன்ஹாட்டன் ஒருவர்தான். அவர் ஒருவரால் வியட்நாம் போரின் முடிவு மாறுகிறது. அவர் லித்தியத்தை வேண்டிய அளவு உருவாக்கித் தருவதால் தெருக்களில் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. வல்லரசுகளின் அச்சம் வேறு வடிவம் எடுக்கிறது. ஒரு புதுமையை வைத்துவிட்டு, அது எங்கெல்லாம் கசியும் என்று கதாசிரியர் பொறுமையாகத் தொடர்ந்து சென்றிருக்கிறார். அந்தக் கதை முடியவும் முடிகிறது; இதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கிரகவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான்காம் சுவர் சொல்லும் அளவுகோல் என் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆயினும் அதை அப்படியே ஏற்றால் ஊசல் எடுத்துக்காட்டிய க்வென் ஸ்டேசியின் கதையை விட்டுவிட வேண்டியிருக்கும், அதற்கு எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கதையில் நியூயார்க் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் மாறினான். தன் ஆற்றலால் ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்பது அவனுக்குப் பின்னால் வந்த எல்லா நாயகர்களின் கதைகளிலும் நிலைத்துவிட்டது. மாற வேண்டியது உலகமாகத்தான் இருக்க வேண்டுமா, ஒரு மனிதனாக இருக்கக் கூடாதா?

நான்காம் சுவர் எழுதியது:

மனிதன் மாறுவது எல்லா நல்ல இலக்கியத்துக்கும் பொது, நண்பரே. அறிவியல் புனைகதைக்கு மட்டும் உரியதைத்தான் நான் தேடுகிறேன். க்வென் ஸ்டேசி கதையைச் சிறந்த துன்பியல் கதை என்று முழு மனத்தோடு சொல்வேன்.

மறுமொழி 4: சிவகாசி வாசகி

விவாதம் அமெரிக்காவிலேயே நிற்பதால், தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் நன்கு அறிந்த இருவரைச் சேர்க்க விரும்புகிறேன். முத்து காமிக்ஸ் 1972இல் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி, பிரிட்டிஷ் இதழான ‘வேலியன்ட்’டில் 1962இல் தொடங்கிய தொடரின் நாயகன். மின்சாரம் பாய்ந்ததும் அவனுடைய உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அத்தொடரின் தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். அவர் ஏராளமான அறிவியல் புனைகதை நாவல்களை எழுதியவர். முதல் கதையில் மாயாவி நல்லவனும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒருவனுக்கு முதலில் தோன்றக்கூடிய ஆசைகள் எவையோ அவற்றையே பின்தொடர்கிறான். உலகம் மாறாவிட்டாலும், ஒரு புதுமை ஒரு மனத்தில் எப்படி வேலை செய்யும் என்பதை அந்தக் கதை தர்க்கத்தோடு ஆராய்கிறது. இது எல்லா இலக்கியத்துக்கும் பொது என்று நான்காம் சுவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மறையும் ஆற்றல் இல்லையென்றால் அந்த மாற்றத்துக்கு அங்கே இடமே இல்லை.

இரண்டாமவன், லயன் காமிக்ஸ் 1980களில் தமிழில் தந்த ஸ்பைடர், கூர்மையான காதுகளும் கருப்பு உடையும் கொண்ட அந்தக் குற்றச் சக்கரவர்த்தி. அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் தொடர்பில்லை. டெட் கோவன் 1965இல் தொடங்கிய இந்தத் தொடரின் பெரும்பாலான கதைகளை விரைவிலேயே ஏற்று எழுதியவர் ஜெர்ரி சீகல். 130 டாலருக்குத் தன் நாயகனை இழந்த அதே சீகல்தான். அவர் கையில் ஸ்பைடர் தீமையிலிருந்து நன்மைக்குத் திரும்புகிறான். 1933இன் தீய சூப்பர்மேன் நாயகனாக ஆன பாதையை அவர் மறுபடி ஒருமுறை நடந்திருக்கிறார். பழைய லயன் இதழ்கள் கையில் உள்ளவர்கள் இந்தக் கண்ணோட்டத்தோடு அவற்றை வாசித்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.