ராத்திரி முழுக்க ஓசோன் ஏற்றியும் ஆலிவ் எண்ணெய் கெட்டியாகவில்லை, என்ன காரணம்?

கோவை_சோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே சோப்பு, தைலம் செய்கிறேன். குதிகால் வெடிப்புத் தைலத்தில் சேர்க்க ஓசோன் ஏற்றிய ஆலிவ் எண்ணெய் செய்யலாமென்று காய்கறி கழுவும் ஓசோன் மிஷின் வாங்கினேன். மணிக்கு 400 மில்லிகிராம் என்று மேலே போட்டிருக்கிறது. அரை லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மீன்தொட்டியில் குமிழி விடும் கல்லைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பச்சை நிறம் லேசாக வெளுத்தது, மெழுகு மாதிரி ஒரு வாடை வருகிறது. ஆனால் எண்ணெய் தண்ணியாகவேதான் இருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய மஞ்சள் ரப்பர் குழாய் வளைகிற இடத்தில் பொடிப்பொடியாக வெடித்துவிட்டது, உள்ளே ஈரமும் கோத்திருக்கிறது. மிஷின் கோளாறா, எண்ணெய் கலப்படமா?

லேப்_வாத்தியார்:
இரண்டுமே இல்லைம்மா, கணக்குதான் உதைக்கிறது. ஓசோன் போய் ஒட்டுவது எண்ணெயில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளில். எண்ணெயில் அவை எவ்வளவு என்று காட்டும் அளவுதான் அயோடின் எண், ஆலிவ் எண்ணெய்க்கு அது 75 முதல் 94 வரை. 80 என்று வைத்தால், 100 கிராம் எண்ணெய் முழுதாக வினைபுரிய 15 கிராம் ஓசோன் வேண்டும். உங்கள் அரை லிட்டர் ஏறக்குறைய 455 கிராம், அதற்கு 69 கிராம். மணிக்கு 0.4 கிராம் வீதம் ஓட்டினால் 172 மணி நேரம், அதாவது ஏழு நாள் ராப்பகலாக. கெட்டியாகத் தொடங்க முழு அளவு வேண்டியதில்லை என்றாலும் ஒரு ராத்திரியில் ஏறுவது ரொம்பச் சொற்பம். அதுவும் அந்த 400 வறண்ட காற்றில் கிடைக்கிற கணக்கு. ஈரக் காற்றை இழுத்தால் இன்னும் குறையும்.

வாடையைப் பார்த்தால் வினை நடக்கிறது என்று தெரிகிறது. ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலமான ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு ஒன்பதாவது கார்பனில் இருப்பதால், அது உடையும்போது ஒன்பது கார்பன் கொண்ட நோனனால் வரும். மெழுகு வாடை அதனுடையது.

குழாயை இன்றைக்கே மாற்றுங்கள். இயற்கை ரப்பரை ஓசோன் அரித்துவிடும், இழுபட்டு வளைந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். சிலிக்கோன் அல்லது டெஃப்லான் குழாய் போடுங்கள். மிஷினை ஜாடியைவிட உயரமாக வையுங்கள், கரண்ட் போனால் எண்ணெய் பின்வாங்கி மிஷினுக்குள் ஏறிவிடும்.

காட்டன்_மார்க்கெட்:
அக்கா, எந்த அறையில் ஓட்டினீர்கள்?

கோவை_சோப்பு:
சமையல்கட்டில், ஜன்னலைச் சாத்திவிட்டு. காலையில் தொண்டை கரகரவென்று இருந்தது.

காட்டன்_மார்க்கெட்:
அது ஓசோனாகத்தான் இருக்கும் அக்கா, தயவுசெய்து இனி வீட்டுக்குள் வேண்டாம். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் வரம்பே 0.1 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு. மூக்கு சீக்கிரம் பழகிவிடும், வாசனை இல்லையே என்று நம்ப முடியாது. குழந்தைகளோ ஆஸ்துமாக்காரர்களோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மொட்டைமாடியில் நிழலாக ஓர் இடம் பாருங்கள், ஜாடி மூடியிலிருந்து வெளியேறும் குழாயையும் ஆள் நடமாட்டமில்லாத பக்கம் விடுங்கள்.

செக்கு_எண்ணெய்:
இவ்வளவு பாடு எதற்கு? நம்ம தேங்காய் எண்ணெயில் செய்தால் என்ன?

லேப்_வாத்தியார்:
அதில் ஓசோனுக்கு வேலையே இல்லை சார். அயோடின் எண் 6 முதல் 11 வரைதான், பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு. குளிரில் தானாகவே உறைவதைப் பார்த்து ஓசோன் ஏறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கியூபாக்காரர்கள் சூரியகாந்தி எண்ணெயில் செய்கிறார்கள்.

கோவை_சோப்பு அவர்களுக்கு இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. வெறும் காற்றை இழுக்கும் மிஷினில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். குழாயில் கோத்த ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். அந்த ஈரத்தில் நீல லிட்மஸ் தாளைத் தொட்டுப் பாருங்கள், சிவந்தால் அந்த எண்ணெயைத் தோலில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை எடுக்கும், நைட்ரஜனை எடுக்காது. தோலுக்கான எண்ணெய் என்றால் ஆக்சிஜனில் ஓட்டுவதுதான் சரி. ஆனால் எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் சிலிண்டர் வால்வையோ ரெகுலேட்டரையோ தொடவே கூடாது, தீப்பிடிக்கும்.

மிஷின் ஓசோன் தருகிறதா என்று பார்க்க, பொட்டாசியம் அயோடைடு கரைசலில் இரண்டு சொட்டு கஞ்சித்தண்ணீர் விட்டு அதில் வாயுவைக் குமிழவிடுங்கள். நீலமானால் வருகிறது. பிறகு ஜாடியிலிருந்து வெளியேறும் வாயுவிலும் அதையே செய்யுங்கள். அங்கேயும் சட்டென்று நீலமானால் ஓசோன் எண்ணெயில் கரையாமல் வீணாகிறது. குமிழி பொடியாக வர வேண்டும், ஜாடி உயரமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும்.

கோவை_சோப்பு:
ரொம்ப நன்றி சார். முதலில் 50 கிராம் மட்டும் வைத்து ஓட்டுகிறேன். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஆகுமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார், என்ன சொல்லட்டும்?

லேப்_வாத்தியார்:
ஆகாது என்றே சொல்லுங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். அந்தப் புண்ணில் ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்து. செய்து விற்பதற்கும் 1940 மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும், அதை முதலில் விசாரியுங்கள்.

தைலத்தில் கலக்கும்போது தேன்மெழுகை உருக்கிய சூட்டோடு ஊற்றாதீர்கள். ஓசோன் எண்ணெயோடு சேர்ந்து உருவான ஓசோனைடுகளும் பெராக்சைடுகளும் சூட்டில் சிதைந்துபோகும். ஆறிக் கெட்டியாக ஆரம்பிக்கும்போது சேருங்கள், மீதியை ஃபிரிட்ஜில் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள்.