மின்நூல் விற்பனை: தானே வெளியிட்டால் கூடுதலா, பதிப்பகம் வழியே போனால் கூடுதலா?

கேள்வி
அமெரிக்க மின்நூல் விற்பனை சரிகிறது என்று 2015-இல் பதிப்பாளர் சங்கக் கணக்கு சொன்னது. அதே காலத்தில் மின்நூல் விற்பனையை மதிப்பிட்ட ஆதர் எர்னிங்ஸ் என்ற தளத்தின் அறிக்கைகளோ, தாங்களே வெளியிடுவோரின் பங்கு ஏறுகிறது என்றன. எதை நம்புவது? ஒரு பிரதி விற்றால் எழுதியவர் கையில் எவ்வளவு நிற்கும்?

பதில் 1
இரண்டும் வேறு வேறு சரக்கை எண்ணுகின்றன. சங்கத்துக்குக் கணக்குக் கொடுப்பவை பதிப்பகங்கள். அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் நேரடியாக ஏற்றும் நூலுக்கு ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்) கட்டாயமில்லை, அமேசானே ஏஎஸ்ஐஎன் என்ற தன் சொந்த எண்ணைப் போட்டுவிடும். ஐஎஸ்பிஎன்னை வைத்து எண்ணும் கணக்கில் அந்த நூல்கள் வரவே வராது. பெரிய பதிப்பகங்கள் புது நாவலின் மின்நூலுக்கு 12.99, 14.99 டாலர் வைத்த காலம் அது, அந்த விலையும் அவற்றின் விற்பனையைக் குறைத்திருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆதர் எர்னிங்ஸ் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமேசான் தரவரிசையிலிருந்து பிரதிகளை மதிப்பிடும் முறை அது. கிண்டில் அன்லிமிடெட் என்ற மாதச் சந்தாத் திட்டத்தின் சந்தாதாரர் நூலை எடுத்தாலே தரவரிசை ஏறும். பணம் வருவது அவர் படித்த பக்கங்களுக்கு மட்டும்.

பதில் 2
கையில் நிற்பதைப் போட்டுப் பாருங்கள். பதிப்பக நூல் 12.99 டாலர். கடைக்கு 30% போனால் பதிப்பகத்துக்கு 9.09. அதில் எழுத்தாளருக்கு வழக்கமாக 25%, அதாவது 2.27. முகவரின் 15% கழிந்தால் 1.93. முன்பணம் வாங்கியிருந்தால் அது ஈடாகும் வரை இதுவும் வராது.

தானே வெளியிட்ட நூல் 4.99 டாலர், கோப்பு 1 எம்பி: கோப்பை வாசகருக்கு அனுப்பும் கட்டணம் 15 சென்ட் கழித்து அமேசான் தருவது 70%, அதாவது 3.39. விலையை 99 சென்டாக இறக்கினால் 35% விகிதம்தான், 35 சென்ட் தேறும்.

ஆனால் பிழைதிருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம் எழுதுபவர் செலவு. காதல் கதை, துப்பறியும் தொடர் என்றால் அடுத்தடுத்த பாகங்கள் அதை ஈடுகட்டும். படங்கள் நிறைந்த குழந்தை நூலுக்கு அச்சுதான் சோறு போடும், அங்கே பதிப்பகத்தின் கை ஓங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்
தமிழ் நூலுக்கும் இதே கணக்கா?

பதில் 3
முழுக்க இல்லை. இந்திய விற்பனைக்கு 70% வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற, மின்நூலை அமேசானில் மட்டும் விற்கும் திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35%. சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. வலைப்பூவிலோ பிரதிலிபி என்ற கதைத் தளத்திலோ தொடராகப் போட்டதை அழிக்காமல் சேருவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் தானாகப் புதுப்பிக்கும் டிக்கை முன்பே எடுத்துவிடுங்கள்.

கோப்பின் எடையையும் கவனியுங்கள். இங்கே அனுப்பும் கட்டணம் எம்பிக்கு 7 ரூபாய். வரி நீங்கலாக 99 ரூபாய் நூல் அரை எம்பி இருந்தால் 70% விகிதத்தில் 66.85 ரூபாய் கிடைக்கும். ஸ்கேன் செய்த படங்களைச் சுருக்காமல் வேர்டில் ஒட்டி 5 எம்பி ஆக்கினால் அதே நூலுக்கு 44.80 தான்.