அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, இது டாக்டரிடம் காட்ட வேண்டிய அளவா?

வாசல்கோலம்:
அம்மாவுக்கு 68 வயது. கும்பகோணத்தில் அப்பாவும் அவரும் மட்டும்தான், நான் சென்னையில். சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவது, தங்கை பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவது எல்லாம் எப்போதும் உண்டு, நாங்களே கேலி செய்வோம். இந்தப் பொங்கலுக்குப் போனபோது வேறு மாதிரி இருந்தது. காலையில் "சிலிண்டர் வந்துச்சா" என்றார். வந்துவிட்டது என்றேன். காபி ஆற்றி முடிப்பதற்குள் அதே கேள்வி, அதே குரலில், முதல்முறை கேட்பது போல. வத்தக்குழம்பு வைக்கப் போனவர் புளியைக் கரைத்துவிட்டு, அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடமாகக் கைக்கணக்கில் வைத்த குழம்பு அது. அப்பாவிடம் சொன்னால் "வயசானா அப்படித்தான், நீ வேற" என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. யாரிடம் காட்டுவது? மனநல டாக்டர் என்றால் அப்பா வரவே மாட்டார்.

பழையரேடியோ:
அரசு ஆஸ்பத்திரியில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். முதலில் பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் தள்ளியும் போட வேண்டாம், இந்த மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். வயதானால் பெயர் சட்டென்று வராது, கொஞ்ச நேரம் கழித்து தானாக வந்துவிடும். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது அந்த ரகம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது வேறு. உங்கள் அம்மா குழம்பில் நின்றது இந்த இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. தினசரி வேலை தடுமாறுகிறதா என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம், புது விஷயம் உள்ளே பதியாமல் போவது. பதிய வைக்கும் வேலை மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியுடையது, அல்சைமர் என்ற மறதி நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவதும் அதுதான். அதனால்தான் தன் கல்யாணத்தில் யார் நாதஸ்வரம் வாசித்தார் என்பதுவரை சொல்வார், காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. வீட்டில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பொது மருத்துவரிடமோ நரம்பியல் டாக்டரிடமோ போகலாம், அப்பாவுக்கும் அது சங்கடமாக இருக்காது. தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் எல்லாம் ரத்தத்தில் பார்ப்பார்கள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள். முன்கூட்டியே வீட்டில் பழக்கிவிடாதீர்கள், நிறையப் பேர் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவது போல அனுப்புகிறார்கள்.

கோபக்கார_மாமா:
வல்லாரைத் துவையல் வாரம் மூன்று நாள் கொடுங்கள். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி எதற்கு?

பழையரேடியோ:
தாராளமாகச் சாப்பிடட்டும், நானும் சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட அது சாக்கில்லை.

இரவுப்பேருந்து:
சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினா பாருங்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறைய வாய்ப்பு உண்டு, சைவம் என்றால் இன்னும் கூடுதலாக. என் மாமியாருக்கு மறதியோடு பாதத்தில் மதமதப்பும் இருந்தது, ஊசி போட்ட சில மாதத்தில் ஆள் தெளிந்தார். அதற்காக எல்லா மறதியும் பி12 என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தூக்க மாத்திரை, அரிப்புக்குத் தரும் மாத்திரை சிலவும் வயதானவர்களை மந்தமாக்கும். வீட்டில் இருக்கிற அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ஆ, காது கேட்கிறதா என்றும் பாருங்கள், சரியாகக் கேட்காததே மறதி போலத் தெரியும்.

தென்னந்தோப்பு:
சமீபத்தில் எங்காவது விழுந்தாரா? என் அப்பா குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டது, வீக்கம்கூட இல்லை, அன்றே எழுந்து காபி குடித்தார். ஒன்றரை மாதம் கழித்து நாளும் கிழமையும் குழம்பி, நடை ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. முதலில் போன இடத்தில் ஸ்கேன்கூட எடுக்காமல் மறதி நோய் என்று மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டார்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டாவது டாக்டர் ஸ்கேன் பார்த்தார், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. துளை போட்டு வடித்தார்கள். பத்தாம் நாள், தோப்புக் குத்தகைப் பணம் யார் வாங்கினது என்று என்னிடம் கணக்குக் கேட்டார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இன்னொன்று, ஒரே நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது மெல்ல வரும் மறதி இல்லை. சிறுநீரில் கிருமித் தொற்று, சோடியம் குறைவு எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். வாய் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ யோசிக்காமல் 108.

வாசல்கோலம்:
எல்லோருக்கும் நன்றி. மெட்ஃபார்மின்தான். பி12 142 வந்தது, லேப் சீட்டில் 200க்குக் கீழே குறைவு என்று போட்டிருக்கிறது. ஊசி ஆரம்பித்தாயிற்று. விழவெல்லாம் இல்லை. ஆனால் கடிகாரத்தில் அம்மா பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கம் அடுக்கிவிட்டார், அப்பா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பி12 மட்டும்தானா என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். வியாழக்கிழமை எம்ஆர்ஐ ஸ்கேன். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமாம், அம்மா கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டார். சிஸ்டர், இதற்கு என்ன செய்வீர்கள்?

பழையரேடியோ:
மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டி, புதன்கிழமை இரவே அப்பா கையால் போட்டுவிடச் சொல்லுங்கள், அதன் பிறகு சங்கிலியைக் கழற்றலாம். எங்கள் வார்டில் எல்லோருக்கும் அப்படித்தான். கயிறோடு உள்ளே விடுவார்கள், புடவையில் ஊக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.