உள் மிரருக்கு மோட்டார்: தலை முழுக்கத் திரும்பணுமா, கண்ணாடி மட்டும் போதுமா?

அம்பத்தூர்_பெஞ்ச்

வணக்கம். சீட் மெமரியோடு சேர்ந்து நகரும் உள் ரியர்வியூ மிரர் ஒன்றை டிசைன் பண்ணிக்கொண்டிருக்கிறோம். பட்டனை அழுத்தினால் சீட்டும் மிரரும் அந்த டிரைவருக்கான இடத்தில் வந்து நிற்கணும்.

கண்ணாடி 240 × 60 மி.மீ. புதுப்பேட்டையில் வாங்கிய வெளி மிரர் மோட்டார் யூனிட்டை (இரண்டு மோட்டார், மூன்று வயர்) மிரர் தலைக்குள் வைத்திருக்கிறோம். தலை முழுக்கத் திரும்புகிறது. மிரரைத் தாங்கும் தண்டிலிருந்த பழைய பால் ஜாயின்டும் (கையால் எப்பக்கமும் திருப்ப உதவும் உருண்டை மூட்டு) அப்படியே இருக்கிறது. தலை எடை 250 கிராமிலிருந்து 400 ஆகிவிட்டது. மூன்று சிலிண்டர் வண்டி.

ஏசி போட்டு சிக்னலில் நின்றால் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் இரட்டையாகத் தெரிகிறது. யாராவது கையால் திருப்பினால் உள்ளே டிக் டிக் என்று நழுவி மெமரி கணக்கு போய்விடுகிறது. மோட்டார் ஷாஃப்டில் ஹால் சென்சார் (காந்த உணரி) வைத்து, சுற்றுக்கு வரும் பல்ஸை எண்ணுகிறோம். கண்ணாடியை மட்டும் ஹவுசிங்குக்குள் (வெளிக்கூடு) திருப்பலாம் என்றால், இரு பக்கமும் 10 டிகிரி கொடுப்பதற்கு ஹவுசிங் ரொம்பத் தடியாகிறது. எந்த வழியில் போகலாம்?

என்விஎச்_வேளச்சேரி

10 டிகிரி தேவையே இல்லை சார். மிரர் மையத்திலிருந்து டிரைவர் கண் பக்கவாட்டில் 350, பின்னால் 500 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக் கோடு வண்டியின் நீளவாட்டோடு 35 டிகிரியில் இருக்கும். சீட் 100 மி.மீ. முன்னால் வந்தால் 41, பின்னால் போனால் 30. கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் பிம்பம் இரண்டு டிகிரி திரும்பும். அதனால் கண்ணாடிக்கு வேண்டியது இந்த வித்தியாசத்தில் பாதிதான், அதாவது 3 டிகிரி சொச்சம். கண் 60 மி.மீ. ஏறி இறங்கினாலும் 3 டிகிரிக்குள் அடங்கும். பிராக்கெட் ஒட்டுவதில் வரும் பிசகையும் சேர்த்து, இரண்டு அச்சிலும் ±5 தாராளம். ±10-இல் கண்ணாடி ஓரம் 21 மி.மீ. உள்ளே போகும், ±5-இல் 10.5 தான்.

அடுத்து நடுக்கம். மூன்று சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை ஃபயரிங் (எரிபொருள் எரியும் உதைப்பு). ஏசியோடு ஐடிலிங் 900 ஆர்பிஎம் என்றால் 22.5 ஹெர்ட்ஸ். எடை 250-லிருந்து 400 ஆனதிலேயே தலையின் இயல்பு அதிர்வெண் (சுண்டினால் தானாக ஆடும் வேகம்) ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். போதாக்குறைக்கு பால் ஜாயின்டின் நெகிழ்வும் மோட்டார் யூனிட்டிலுள்ள ஸ்குரூ நட்டின் நெகிழ்வும் ஒன்றோடொன்று கூடுகின்றன. ஹவுசிங்கைத் தண்டோடு இறுக்கிவிட்டு, கண்ணாடி மட்டும் உள்ளே அசையட்டும். தண்டு 70 மி.மீ. இருந்தால் 50 ஆக்குங்கள். வளைவு விறைப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலே அதிர்வெண் சுமார் 1.65 மடங்கு ஏறும். 22.5-இன் இரு மடங்கான 45 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் நிம்மதி.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். பிராக்கெட்டை வைஸில் பிடித்து, லேசர் பாயின்டரைக் கண்ணாடியில் அடித்து, 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி விழவிடுங்கள். ஹவுசிங்கை விரலால் சுண்டி, புள்ளி ஆடுவதை போனில் ஸ்லோமோஷனில் எடுத்து, ஒரு செகண்டுக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணலாம். பிறகு கண்ணாடி ஓரத்தை மெல்ல இப்படியும் அப்படியும் அழுத்துங்கள். புள்ளி 17 மி.மீ. தாவினால் 0.1 டிகிரி ப்ளே (தளர்வு) இருக்கிறது என்று அர்த்தம். 50 மீட்டர் பின்னால் உள்ள வண்டிக்கு அதுவே 17 செ.மீ. நகர்வு. நம்பர் பிளேட் இரட்டையாகத் தெரிவதற்கு அதில் பாதியே அதிகம்.

கியர்_கிண்டி

அந்த டிக் டிக் பழுது இல்லை. ஸ்குரூவைக் கவ்வியிருக்கும் நட்டின் விரல்கள், அழுத்தம் கூடும்போது விரிந்து மரையைத் தாண்டுகின்றன. கையால் தள்ளினாலும், முட்டுக்கு வந்த பிறகு மோட்டார் ஓடினாலும் கியர் பல் உடையாமல் காப்பது அதுதான். அதைப் பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள். நழுவல் மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடக்கிறது, நீங்களோ மோட்டார் பக்கம் எண்ணுகிறீர்கள். சென்சாரைக் கண்ணாடித் தட்டின் முதுகுக்கு மாற்றுங்கள்.

ஸ்குரூ மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்தால் ±5 டிகிரிக்குத் தட்டு மொத்தம் 3.5 மி.மீ. நகரும். 10 மி.மீ. ஓட்டமுள்ள ஸ்லைடு பொட் (நகர்வை மின்னழுத்தமாகக் காட்டும் ரெசிஸ்டர்), அதை எண்ணாக மாற்ற 10 பிட் ஏடிசி என்றால் சுமார் 350 படி. ஒரு படிக்கு 0.03 டிகிரி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரே போதும். 1 மி.மீ. பிட்ச் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 2.9 டிகிரி தரும். 6000 ஆர்பிஎம் மோட்டாருக்கு வார்ம் (திருகு) கியரில் 25, ஸ்பர் (நேர்ப்பல்) கியரில் 4 மடங்கு, ஆக 100-க்கு 1 குறைத்தால் செகண்டுக்கு 3 டிகிரி. அதற்கு மேல் வேகம் வேண்டாம். பிம்பம் இரட்டை வேகத்தில் ஓடுவதால் ஸ்விட்ச்சில் நிறுத்துகிறவர் தாண்டிப் போய்விடுவார். கடைசி அரை டிகிரியை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நெருங்குங்கள், தட்டை ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கட்டும். பேக்லாஷ் (பற்களுக்கிடையிலான தளர்வு) தெரியாது. மூன்று வயரில் ஒரு முனை பொது என்பதால் இரண்டு அச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள்.

பால் ஜாயின்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஹவுசிங்கை யார் திருப்பினாலும், "கண்ணாடி அதே இடத்தில்தான் இருக்கிறது" என்றே சென்சார் சொல்லும். அந்த மெமரியை நம்ப முடியாது.

அம்பத்தூர்_பெஞ்ச்

ரொம்ப நன்றி சார். பால் ஜாயின்ட் இல்லையென்றால் தலை மோதும்போது மிரர் எப்படி விலகும்? பின் வண்டி விளக்கின் கூச்சத்தைக் குறைக்கும் இரவு லீவரை என்ன செய்வது?

ஒரகடம்_டெஸ்ட்

விலகத்தான் வேண்டும். தண்டின் அடியில், ஸ்பிரிங் அழுத்தும் பள்ளம் ஒன்றில் உட்கார வையுங்கள்; மோதினால் கழன்று, திரும்ப மாட்டும்போது அதே கோணத்தில் மட்டுமே உட்காரும்படி சாவி வெட்டு இருக்கட்டும். யுஎன் ஆர்46 (மிரர்களுக்கான ஐ.நா. விதிமுறை) சோதனையில் 165 மி.மீ. விட்டமுள்ள உருண்டை, 6.8 கிலோ எடையோடு 1 மீட்டர் ஊசலில் 60 டிகிரியிலிருந்து விழும். உடைந்தால் சில்லுகள் முதுகுத் தட்டிலேயே ஒட்டி நிற்க வேண்டும். ஹவுசிங் விளிம்பின் வளைவு ஆரம் 2.5 மி.மீ.-க்குக் குறையக்கூடாது. மோட்டார்கள் கண்ணாடிக்கு நேர் பின்னால் கட்டியாக நின்றால் இதில் அடி வாங்கும், தண்டுப் பக்கம் தள்ளி வையுங்கள். நம் ஊர் வாகனத் தரநிலைகளில் மிரருக்கு ஏஐஎஸ்-001, பொருத்துவதற்கு ஏஐஎஸ்-002 பாருங்கள்.

உள் மிரருக்கு, டிரைவர் கண்ணுக்கு 60 மீட்டர் பின்னாலிருந்து 20 மீட்டர் அகல சாலை தெரிய வேண்டும். கண்ணாடி உள்ளே சாயும்போது ஒரு ஓரம் 10 மி.மீ. இறங்கி, ஹவுசிங் விளிம்பு அந்தப் பக்கம் சுமார் 3 மி.மீ. கண்ணாடியை மறைக்கும். விளிம்பின் உள்பக்கத்தைச் சரிவாக வெட்டுங்கள், இரு பக்கக் கடைசி நிலையிலும் அளந்து பாருங்கள்.

இரவு லீவரை மோட்டாருக்கு விடாதீர்கள். முன்பரப்பும் பின்பரப்பும் 4 டிகிரி சாய்ந்த ஆப்புக் கண்ணாடியைப் பகலிலிருந்து இரவுக்கு மாற்ற 6 டிகிரி சாய்க்கணும், அதற்கு 2 செகண்ட் ஆகும். பின்னால் ஹை பீம் அடிக்கும்போது 2 செகண்ட் ரொம்ப அதிகம். எலக்ட்ரோகுரோமிக் (மின்சாரத்தால் தானே இருளும்) கண்ணாடிக்குப் போவதே சரி. ரிவர்ஸ் கியர் சிக்னல் வந்தால் அது தெளிவாகிவிடும்படி வயர் கொடுங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய வண்டியின் விண்ட்ஷீல்டு பக்கத்தையும் கணக்கில் எடுங்கள். 50 டிகிரி செல்சியஸ் ஏறினால் 240 மி.மீ. கண்ணாடி 0.1 மி.மீ.தான் நீளும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் தட்டு சுமார் 1 மி.மீ. நீளும். எபாக்ஸி போட்டு ஒட்டினால் தட்டு கண்ணாடியை வளைத்து பிம்பத்தை நெளிக்கும். 1 மி.மீ. தடிமனான அக்ரிலிக் ஃபோம் டேப்பை முழுப் பரப்புக்கும் ஒட்டுங்கள், சில்லு சிதறாமல் பிடிப்பதும் அதுவே. ஹவுசிங் பிசி-ஏபிஎஸ் (பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ்) என்றால் சாதாரண மினரல் கிரீஸ் பட்ட இடத்தில் நாளடைவில் விரிசல் விடும். சிலிகான் கிரீஸ் போடுங்கள். கியருக்கு அசிட்டால் பிளாஸ்டிக். ஒவ்வொரு மோட்டார் முனையிலும் 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று, இல்லையென்றால் மிரர் ஓடும்போதெல்லாம் ஏஎம் ரேடியோவில் இரையும்.